நாற்பத்தாறாம் பக்கம்

செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

குடிமீட்பு இல்லத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், மூன்று வாரம் கழித்துக் கடிதம் மட்டும் எழுதலாம் என்று வார்டன் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. எனக்குப் பேச வராது. முணுமுணு என்று பேர் வைத்தவனே நீதானே.

அம்மா மறுபடி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். மணிக்கட்டில் கட்டுப் பிரித்தாகிவிட்டது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கோணலாகக் கூடியிருக்கிறது. படுக்கை விரிப்புகளை இடது கையால் இழுத்து, வலது முழங்கையால் அமுக்கி மடிக்கிறாள். "யார் கேட்டாலும் குளியலறையில வழுக்கிட்டேன்னு சொல்லியிருக்கேன், நீயும் அதையே சொல்லு" என்றாள். நீ கதவை உதைத்த அன்று அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். உனக்கு நினைவில்லை என்றால் இப்போது தெரிந்துகொள்.

வார்டன் கொடுத்த படிவம் என் கைப்பையில் இருக்கிறது. தொண்ணூறாம் நாள் உன்னை வீட்டுக்கு அழைத்துப்போக யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் போடாவிட்டால் வெளியூரில் ஒரு தொழிலாளர் விடுதிக்கு அனுப்பிவிடுவார்களாம். அம்மாவிடம் நீட்டினேன். "நீ படிச்சவ. நீ போடுன்னா போடுறேன், வேணாம்னா வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அதற்காக எல்லாவற்றையும் நானே முடிவு செய்ய வேண்டுமா? இன்னும் முடிவு செய்யவில்லை.

என் வேலையைப் பற்றிக் கேட்டாயாம், வார்டன் சொன்னார். ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் புத்தகங்கள் போடும் சின்ன அலுவலகம். ஐந்து மேசை, ஒரு மின்விசிறி, சமையல் மூலையில் ஓயாமல் சொட்டும் ஒரு குழாய். ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் தொடர்கள் இருக்கின்றன அல்லவா, அவை ஒவ்வொன்றுக்கும் ஆறு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுவது என் வேலை. முதலில் எழுதியதையெல்லாம் மேடம் திருப்பித் தந்துவிட்டார். "இலக்கணம் சரி, உயிர் இல்ல. வீட்ல நடக்கிறத எழுதும்மா" என்றார். அப்படியே எழுதினேன்.

படிக்க ஏதாவது வேண்டும் என்றாயாம். எங்கள் புதுப் புத்தகத்தை இதோடு அனுப்புகிறேன். உனக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம் இருக்கிறது, பொழுது போகும். பின் அட்டைக்கு உள்ளே பொடி எழுத்தில் என் பேர் போட்டிருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


செப்டம்பர் 12

முணுமுணுவுக்கு அண்ணன் எழுதுறது.

கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும், கண்ணைச் சுருக்கிப் படி. எட்டாவதோட பேனாவை விட்டவன். அதுக்கப்புறம் ரெஞ்ச் பிடிச்ச கைதானே.

அம்மா விஷயம். எனக்கு ஞாபகம் இருந்துச்சு. இல்லாத மாதிரி இருந்தேன். அதுக்கு மேல எழுத வரல.

இங்க நாப்பது குழாய், அதுல பதினேழு ஒழுகுது. நிறுத்தச் சொல்லிக் குடுக்கிற இடத்துல குழாயே நிறுத்த மாட்டேங்குதேன்னு வார்டன்கிட்ட கேட்டேன். அந்த ஆளு சிரிக்கவே மாட்டாரு, அன்னைக்குச் சிரிச்சிட்டாரு. இப்போ நான்தான் இங்க ப்ளம்பர். பதினொண்ணு சரி பண்ணிட்டேன், இன்னும் ஆறு. வாசல் பக்கம் ஒரு கரும்பலகை, ஒவ்வொருத்தன் பேருக்கு நேரா எத்தனை நாள் குடிக்காம இருக்கான்னு சாக்பீஸ்ல எழுதுவாங்க. எனக்கு இன்னைக்கு முப்பது. ஸ்கூல்ல கூட நான் முப்பது வாங்கினதில்ல.

பக்கத்துக் கட்டில்ல ஒரு கோர்ட்டு டைப்பிஸ்ட். என் வயசுதான். ஒவ்வொரு தடவையும் முற்றுப்புள்ளி வைக்கிறேன்னு சொல்லி கமா போட்டுக்கிட்டே இருந்தாராம், அவர் பொண்டாட்டி வச்ச பேரு கமா. நாங்களும் அப்படியேதான் கூப்பிடுறோம்.

உன் புத்தகம் வந்துச்சு. உன் பேரை மெஸ்ல, ஆபீஸ்ல, வாட்ச்மேன் வரைக்கும் காட்டிட்டேன். "என் தங்கச்சி எழுதினது"ன்னு சொன்னா ஒருத்தனும் நம்பல. படம் மட்டும் பாருன்னு எழுதியிருந்த. ஏன், தங்கச்சி எழுதினத அண்ணன் படிக்கக் கூடாதா? கமா தினம் சாயங்காலம் எழுத்துக் கூட்டிச் சொல்லிக் குடுக்கிறாரு. ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம். இப்போ ஏழுல இருக்கோம்.

அந்தப் படிவத்தை அவசரப்பட்டுப் போட வேணாம். ஆனா போடுவியான்னு மட்டும் ஒரு வரி எழுது.

அண்ணன்


செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. இன்றே எழுதுகிறேன்.

அந்தப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிடு. அதில் நிறைய அச்சுப்பிழை இருக்கிறதாம், எல்லாப் பிரதிகளையும் அலுவலகத்தில் திரும்பக் கேட்கிறார்கள். வேறு நல்ல புத்தகம், முதலிலிருந்து எழுத்து கற்றுத்தருவது, வாங்கி அனுப்புகிறேன். இது உனக்குக் கடினம். கமாவிடமும் சொல்லிவிடு. குறிப்பாக நடுவில் இருக்கும் பக்கங்கள் தொடக்க நிலைக்கு ஏற்றவை அல்ல. நாற்பதுக்கு மேல் வேண்டாம்.

படிவத்தைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள்.

புத்தகத்தை உடனே அனுப்பு.

தங்கை


அக்டோபர் 1

முணுமுணுவுக்கு,

நாப்பதுக்கு மேல வேணாம்னு நீ எழுதினது வந்த அன்னைக்கே நேரா நாப்பதுக்குப் போனோம். சின்னப் பிள்ளைகிட்ட இந்த டப்பாவைத் திறக்காதேன்னு சொல்ற மாதிரி சொல்லியிருக்க. ஆறு பக்கம் தள்ளிக் கிடைச்சிடுச்சு.

டர்ன் ஓவர் எ நியூ லீஃப். புதுத் தாள் புரட்டுறதாம். பழசை விட்டுட்டுத் திருந்தி வாழ ஆரம்பிக்கிறதுக்கு வெள்ளைக்காரன் சொல்றது. கமா அர்த்தம் சொன்னப்போ, நல்ல வார்த்தையா இருக்கே, நம்ம இடத்துக்குப் பொருத்தம்னு சந்தோசமாத்தான் உக்காந்தேன். அப்புறம் அவர் கீழே இருக்கிறத ஒவ்வொண்ணா வாசிச்சுத் தமிழ்ல சொன்னாரு. மூணாவதுல நிறுத்திட்டு என் மூஞ்சியப் பார்த்தாரு.

மனப்பாடமா சொல்றேன், சரியான்னு பாரு.

"ஜனவரி ஒன்றாம் தேதி என் அண்ணன் புதுத் தாள் புரட்டப்போவதாகச் சொன்னான்."

"அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்து புதுத் தாள் புரட்டினான்; அன்று மாலையே அதே சட்டையில் தள்ளாடி வந்தான்."

"என் அண்ணன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுத் தாள் புரட்டுகிறான், வியாழக்கிழமைக்குள் புத்தகம் தீர்ந்துவிடுகிறது."

"கதவை உடைத்த பிறகு அவன் புதுத் தாள் புரட்டினான்."

"அம்மாவின் கை சரியானால் போதும், அவன் புதுத் தாள் புரட்ட வேண்டாம்."

"புதுத் தாள் புரட்டுகிறவர்களிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள்."

மூணாவது நல்லா இருக்கு. நானே சிரிச்சிருப்பேன், வேற எவனாவது அண்ணனா இருந்தா. இந்தப் புத்தகத்தை நான் வாட்ச்மேன்கிட்ட கூட காட்டினேன்டி.

நான் கோபப்படுறது நீ எழுதினதுக்கு இல்ல. பொய் ஒண்ணும் எழுதல. இவனுக்குத்தான் படிக்கத் தெரியாதேன்னு தைரியமா அனுப்பி வச்ச பாரு, அதுக்கு. குருடன் முன்னாடி துணி மாத்துற மாதிரி.

பக்கத்துக்கு அடியில மூணு கோடு போட்டு, இப்போது நீங்களே எழுதுங்கள்னு இருக்கு. ரெண்டு எழுதிட்டேன், எழுத்துப்பிழையைக் கமா திருத்தினாரு. ஒண்ணு: "அப்பா போனதும் அண்ணன் எட்டாவதோடு தன் புத்தகத்தை மூடினான், தங்கச்சி புதுத் தாள் புரட்டினாள்." ரெண்டு: "பட்டம் வாங்கிய அன்று தங்கச்சி புதுத் தாள் புரட்டினாள், அதில் அண்ணன் இல்லை."

என்ன முழிக்கிற? அன்னைக்கு நான் குடிச்சிட்டு வந்து, உன் பேரைக் கூப்பிட்டதும் எந்திரிச்சுக் கத்தி, நாற்காலியோட விழுந்தேன்ல. பக்கத்துல நின்ன பொண்ணு "யாருடி அது?"ன்னு கேட்டா. "தெரியல"ன்னு சொன்ன. நீ எவ்வளவு முணுமுணுத்தாலும் எனக்குக் கேக்கும். சின்ன வயசுலேர்ந்து கேட்டுப் பழகின காது.

படிவத்தைக் கிழிச்சுப் போடு. விடுதிக்கே போறேன்.


அக்டோபர் 9

அண்ணா,

உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து நான்கு தாள் கிழித்தேன். அதற்குள் அலுவலகத்துக்கு வார்டன் போன் செய்துவிட்டார். மூன்றாம் தேதி குழாய்க்கு வாஷர் வாங்கி வரச் சொல்லி நம்பி அனுப்பினார்களாம், நீ மறுநாள்தான் திரும்பினாயாம். "மத்தத அவரே எழுதட்டும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். போனை வைத்ததும் பக்கத்து மேசைக்காரி, "யாரு, முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள். "ராங் நம்பர்" என்றேன்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். நீ கேட்டிருக்கவே மாட்டாய். ஆனால் உனக்கு எல்லாம் கேட்கும் என்று இப்போது தெரியும்.

ஆமாம், அன்று தெரியலை என்றுதான் சொன்னேன். கடன் வாங்கின கறுப்பு அங்கி, கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது. எல்லார் வீட்டிலிருந்தும் கண்ணாடி போட்ட அப்பாக்கள் வந்திருந்தார்கள். நீ விழுந்த சத்தம் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. அடிபட்டிருக்குமோ என்ற பயம்தான். வெட்கம் அதற்கு அப்புறம் வந்தது. ஆனால் வாய் வெட்கத்துக்குத்தான் திறந்தது. அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நான் வரிசையிலேயே நின்றேன்.

அந்த வாக்கியங்களைப் பற்றி. நான் எழுதியதை மேடம் உரக்க வாசித்தார். மூன்றாவது வாக்கியத்தில் அறையே சிரித்தது. நான் சொல்லி ஒரு அறை சிரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "ரொம்ப இயல்பா இருக்கு, எப்படி யோசிச்சே?" என்றார்கள். "சும்மா கற்பனை" என்றேன். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது சந்தோஷமாக இருந்தேன். அதுதான் இப்போது என்னைக் குத்துகிறது. அம்மா அழுதுகொண்டு கட்டுப்போட்ட கையைப் பிடித்திருந்த நாளை விற்று நான் ஒரு சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த ஆறில் ஒன்றையும் என்னால் பொய் என்று சொல்ல முடியாது. உன்னிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லாததைத்தான் யாரோ படிக்கட்டும் என்று எழுதினேன். உனக்குப் படிக்க வராது என்று நினைத்தேன். நீ எட்டாவதில் நின்றதால்தான் நான் எட்டைத் தாண்டினேன் என்பதை ஒரு நிமிடம் நினைத்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டேன். இதற்கு மட்டும் மன்னித்துவிடு.

படிவத்தைக் கிழிக்கவில்லை. நிரப்பவும் இல்லை.

அன்று ராத்திரி எங்கே இருந்தாய்? குடித்தாயா? என்னால்தானா?

தங்கை


அக்டோபர் 24

முணுமுணுவுக்கு,

குடிச்சேன். உன்னால இல்ல.

உன்னாலன்னு எழுதினா நீ நம்பிடுவ, ஆயுசுக்கும் தலைக்கு மேல தூக்கிட்டுத் திரிவ. அதனால நடந்தத அப்படியே எழுதுறேன். மூணாம் தேதி வாஷர் வாங்கினேன். திரும்பி வர்ற வழியில ரெண்டு தெரு. ஒண்ணுல கடை இருக்கு, ஒண்ணுல இல்ல. கடை இல்லாத தெருவுல பாதி தூரம் வந்துட்டுத் திரும்பிப் போனேன். போகும்போது உன் ஆறு வாக்கியத்தையும் வரிசையாச் சொல்லிக்கிட்டே போனேன், இவ இப்படி எழுதிட்டாளேன்னு ஒரு சாக்கு வேணும்ல. நீ எழுதலேன்னா மழை பெஞ்சதச் சாக்கு சொல்லியிருப்பேன். காலையில ஒரு பஸ் ஸ்டாப் பெஞ்சுல எந்திரிச்சேன். சட்டைப் பையில வாஷர் பாக்கெட் பிரிக்காம அப்படியே இருந்துச்சு.

கேட்டுக்கு வந்தேன். வாட்ச்மேன் என்ன சொன்னாரு தெரியுமா? "சொந்தக்காரர் வீட்ல தங்கிட்டேன்னு சொல்லுப்பா, நானும் ஆமான்னு சொல்றேன். ஐம்பது நாளு வீணாப் போகும்ல?" நல்ல மனுசன். எனக்கும் வாய் வரைக்கும் வந்துச்சு. பொய் சொல்றது எனக்கு மூச்சு விடுற மாதிரி, உனக்கே தெரியும். ஆனா உள்ள போய் வார்டன்கிட்ட குடிச்சேன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேக்காத. பெரிய ஞானம் எல்லாம் ஒண்ணும் இல்ல. அம்மா ஆஸ்பத்திரி பூரா வழுக்கிட்டேன்னு சொல்லிட்டுத் திரியுறா, இன்னொரு ஆளும் எனக்காகப் பொய் சொல்ல வேணாம்னு தோணுச்சு.

அவரு ஒண்ணும் திட்டல. பலகையில ஐம்பதை அழிச்சிட்டு ஒண்ணு போட்டாரு. எல்லாரும் பார்த்துக்கிட்டு நின்னாங்க. பட்டமளிப்பு அன்னைக்கு நீ எப்படி நின்னிருப்பன்னு கொஞ்சம் புரிஞ்சுது.

இன்னைக்கு இருபத்தொண்ணு. தொண்ணூறாவது நாள் எப்போ வருதுன்னு கமா எண்ணிச் சொன்னாரு. ஜனவரி ஒண்ணாம். உன் முதல் வாக்கியம் ஞாபகம் வந்து ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்புறம் கமா அழுதாரு. அவருக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்ல.

மூணாவது கோடு இன்னும் காலியாத்தான் இருக்கு. எனக்கு அதுல எழுத ஒண்ணும் இல்ல.

கதவு உடைஞ்சுச்சே, சரி பண்ணிட்டீங்களா? யாரு பண்ணினது?

அண்ணன்


நவம்பர் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், முழுவதும். "குடிச்சேன்" என்ற இடத்தில் நிறுத்தினேன். "படி" என்றாள். வாட்ச்மேன் சொன்னது வந்ததும் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அவனா சொன்னான்? யாரும் பிடிக்காமலா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். துணியை மறுபடி எடுத்துக்கொண்டே, "வழுக்கி விழுந்தேன்னு இனிமே சொல்லல. எனக்கும் அலுத்துப்போச்சு" என்றாள்.

இன்னொன்று. நேற்று அலுவலகத்தில் அந்தக் குழாய் ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டது. தரையெல்லாம் தண்ணீர், காகிதக் கட்டுகளைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு எல்லோரும் நின்றோம். "யாருக்காவது நல்ல ப்ளம்பரைத் தெரியுமா?" என்று மேடம் கேட்டார். என் வாயிலிருந்து, "எங்கண்ணன் ப்ளம்பர்தான்" என்று வந்துவிட்டது. உரக்கவே வந்தது. "அட, உனக்கு அண்ணன் இருக்காரா? வரச் சொல்லேன்" என்றார். "இப்ப வர முடியாது மேடம். குடிமீட்பு இல்லத்துல இருக்காங்க. ஜனவரியிலதான் வருவாங்க" என்றேன். மேடம் துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார். பிறகு பக்கத்து மேசைக்காரி மெதுவாக, "நாற்பத்தாறாம் பக்கமா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று அதிகம் சிரித்தது அவள்தான்.

படிவம் இதோடு இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. அம்மாவின் பேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டாம் என்று நானே போட்டேன். நீ திருந்திவிட்டாய் என்று நினைத்துப் போடவில்லை. அதை நான் இனிமேல் எந்த வாக்கியத்திலும் எழுதப்போவதில்லை. குடித்ததை நீயே சொன்னாய் அல்லவா, அதற்காகப் போட்டேன்.

ஆனால் ஒரு விஷயம், இதைப் படித்துவிட்டு முடிவு செய். கதவை வீட்டுக்காரர் ஒரு தச்சனை வைத்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். நான் உள்பக்கம் ஒரு சங்கிலி வாங்கி மாட்டினேன், என் கையாலேயே. நீ வந்த பிறகும் அதைக் கழற்ற மாட்டேன். நீ தட்டினால் சங்கிலியோடு ஒரு சாண் திறப்பேன். உன் முகத்தைப் பார்ப்பேன், மூச்சை மோந்து பார்ப்பேன். அப்புறம்தான் எடுப்பேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். எத்தனை வருஷம் என்று சொல்லத் தெரியவில்லை. வாசனை வந்தால் மூடிவிடுவேன். அம்மா அழுதாலும் மூடிவிடுவேன். இதை முணுமுணுக்காமல் எழுதியிருக்கிறேன்.

கோபப்படாமல் அந்த ஒரு சாண் சந்துக்கு முன்னால் நிற்க முடியும் என்றால் வா. முடியாது என்றால் விடுதிக்குப் போ, மாதாமாதம் கடிதம் எழுதுகிறேன்.

ஜனவரி ஒன்றாம் தேதி சத்தியம் மட்டும் எதுவும் செய்யாதே.

தங்கை


நவம்பர் 13

முணுமுணுவுக்கு,

படிவம் வந்துச்சு. வார்டன்கிட்ட குடுத்துட்டேன்.

சங்கிலிய நீயே மாட்டினேன்னு எழுதியிருக்க. அந்தப் பாக்கெட்டோட வர்ற ஸ்க்ரூ விரல் நுனி நீளம்தான் இருக்கும். கதவு நிலையில மேலாக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆம்பளை ஒருத்தன் தோளால ஒரு இடி இடிச்சா மரத்தோட பிச்சுக்கிட்டு வந்துடும். எனக்குத் தெரியும்.

அதைக் கழட்டிட்டு மூணு அங்குல ஸ்க்ரூ நாலு வாங்கிப் போடு. மரம் பழசு, பிளக்காம இருக்க முதல்ல சின்னதா துளை போட்டுக்க. முடியலேன்னா வாங்கி மட்டும் வை. நான் வந்து இறுக்கித் தர்றேன். நான் இடிச்சாலும் வராத மாதிரி.

அப்புறம் வெளியே போய்த் தட்டுறேன்.

அண்ணன்